என் அருமை மகளே

"‘என் அருமை மகளே’ன்னு ஆரம்பி. பக்கத்துல ஒரு கமா போட்டுக்கோ" என்றார் போதகர், சாய்வு நாற்காலியில் காலை நீட்டியபடி.

"முதல்ல கடிதத்தை வாசிச்சிடட்டுமாங்க?" என்றாள் மனைவி.

"எந்தக் கடிதமா இருந்தா என்ன? எழுதினது பொண்ணுதானே? ஆரம்பம் அதுதான்."

போதகருக்கு வலது கண்ணில் புரை எடுத்து நாலு நாள்தான் ஆகிறது. பெரிய கட்டு. இடது கண் அடுத்த மாதம் அறுவைக்குக் காத்திருந்தது. அதற்கு ஆள் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் சபைப் பத்திரிகையில் அவர் எழுதும் கேள்வி பதில் பக்கத்துக்கு இந்த மாதம் கடிதம் வாசிப்பவளும் மனைவி, அவர் சொல்லும் பதிலை எழுதுபவளும் மனைவி.

கடவுள் எப்படிப்பட்ட தகப்பன் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். போதகர் மூச்சு விடாமல் முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்குவார். கேட்பவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். கடவுளே அந்தப் பக்கம் வந்திருந்தால், தாம் இவ்வளவு நல்லவரா என்று கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார்.

மனைவி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். "கடவுள் அன்பான தகப்பன்னு நீங்க எழுதுறீங்க ஐயா. எனக்குத் தகப்பன்னாலே பயமாத்தான் இருக்கு. எங்க அப்பா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசி எட்டு மாசம் ஆச்சு."

"எட்டு மாசமா!" போதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படி என்ன பண்ணிட்டாளாம்?"

"வெளியூர் வேலைக்கு மனு போட்டாளாம். அவரைக் கேக்காம."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து அவ முன்னறைக்கு வந்தா இவர் எழுந்து உள்ளே போயிடுவாராம். என்ன சொல்லணும்னாலும் அம்மா வழியாத்தானாம்."

"குடிகாரனா இருப்பான்."

"இல்லீங்க. வெளியில தங்கமான மனுஷன்னு பேராம். நாலு பேருக்குப் புத்தி சொல்ற இடத்துல இருக்காராம்."

"அப்போ வாத்தியார்தான்" என்று தீர்ப்புச் சொன்னார் போதகர். "அந்த ரகம் எனக்கு நல்லாத் தெரியும். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுவான், வீட்டுக்குள்ள உர்ருன்னு இருப்பான். இவனுக்கெல்லாம் ராத்திரி தூக்கம் எப்படி வருதோ!"

"நல்லாத்தான் தூங்குறாரு. குறட்டை வேற."

போதகர் சிரித்துவிட்டார். "அதையுமா எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கா" என்றாள் மனைவி.

"சரி, எழுதிக்கோ." அவர் குரலை இறக்கிக்கொண்டார். "உன் தகப்பனை வைத்துக் கடவுளை அளக்காதே. அவர் மகளைத் தேடி வாசல்வரைக்கும் ஓடிவருகிற தகப்பன். மகள் தப்பே செய்திருந்தாலும், முதலில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கிற தகப்பன்."

மனைவியின் பேனா நின்றது. "சாப்பிட்டாயான்னா கேப்பாரு?"

"ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் கேட்டேன்." அவள் எழுதி முடித்தாள். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குங்க. வேலை கிடைச்சிடுச்சாம். நாளைக்குக் காலைல சேரணுமாம். அப்பா வாயால ‘போயிட்டு வா’ன்னு ஒரு வார்த்தை வராம வாசப்படி தாண்ட மாட்டேன்னு உட்கார்ந்திருக்கா. இப்படியே ஏற்கெனவே ரெண்டு வேலையை விட்டுட்டாளாம். இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்னு எழுதியிருக்கா."

"நாளைக்கா? பத்திரிகை வரவே இன்னும் பத்து நாள் ஆகுமே!"

"போன் நம்பர் இருக்குங்க. நீங்க சொல்றதைப் பதிவு பண்ணி அனுப்பிடலாம். பெத்தவரு சொல்ல மாட்டேங்கறாரு. நீங்களாவது அவளுக்கு அப்பாவா நினைச்சுக்கிட்டு..."

போதகருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பத்திரிகைப் பக்கம் போதாதென்று இப்போது குரலிலேயே ஊழியம்! தொண்டையைச் செருமிக்கொண்டார். மனைவி செல்போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"மகளே, அப்பா பேசுறேம்மா. உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. எட்டு மாசம் பேசாம இருந்தது என்னோட வீம்பு. தப்பு என்னுதுதான். நீ உன் சொந்தக் கால்ல நிக்கணும். சந்தோஷமா போயிட்டு வா. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு. அப்பா காத்துக்கிட்டிருப்பேன்."

கடைசி வார்த்தையில் குரல் தழுதழுத்தது. கட்டுக்கு அடியில் கண்ணீரும் கசிந்தது. கண் டாக்டர் அழவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் தன் பேச்சைத் தானே கேட்கும்போது போதகரால் என்றைக்கும் அடக்கிக்கொள்ள முடிந்ததில்லை.

"எப்படி?" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கல்லும் கரைஞ்சிடும்ல? அந்த வாத்தியாருக்கும் இதை அனுப்பச் சொல்லு. தகப்பன்னா எப்படிப் பேசணும்னு அவனும் கேக்கட்டும்."

"அவரும் கேட்டாச்சுங்க" என்றாள் மனைவி.

"என்னது? சரி, பொண்ணுக்கு அனுப்பிட்டியா?"

"அனுப்ப வேண்டியதில்லை" என்றாள். இவ்வளவு நேரமும் கடிதமென்று வாசித்துக்கொண்டிருந்த கண் சொட்டு மருந்துச் சீட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "கேட்டுச்சாடி? அப்பா வாயாலயே சொல்லிட்டாரு. பெட்டியை எடுத்துக்கிட்டு வா!"