கிழிந்த கூரை

ஏசி அறையில் பியரை முடித்துவிட்டு வாசலுக்கு வந்த கிளிண்ட் அலறினான். அவனுடைய ஜீப்பின் புதுத் துணிக்கூரை குறுக்கே கிழிந்து தொங்கியது. பக்கத்தில், கையில் கத்தியோடு எதிர்வீட்டு ராமிரோ.

“துணிக்கூரை ஜீப்பைப் பூட்டாதே, பூட்டினா திருடன் கிழிப்பான்னு புத்தி சொன்னியே! அந்தத் திருடனே நீதானாடா?”

“கிளிண்ட், சொல்றதக் கேளு...”

வாசலில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ராமிரோவின் வாயில் அடித்தான் கிளிண்ட். விழுந்தவரின் விலாவில் உதைத்தான்.

“எவ்வளவு ஆசையா மாட்டினேன், தெரியுமாடா?”

மறுபடி கம்பியை ஓங்கினான்.

“நிறுத்துடா!” ராமிரோவின் வீட்டிலிருந்து கிளிண்டின் மனைவி மார்லா ஓடிவந்தாள். கையில் ஈரத் துண்டில் சுற்றிய மகள். “இந்த அரிசோனா வெயில்ல, பின்சீட்டுல தூங்கின புள்ளையை மறந்து உள்ள வச்சுப் பூட்டிட்டியே! இப்பதான் மூச்சே சீரா வருது!”

கம்பி கீழே விழுந்தது.

ராமிரோ இரண்டு பற்களைத் துப்பினார்.

“பாப்பா கண்ணு முழிச்சுட்டாளா?”