மூக்கு சரியில்லாத படம்

குப்பியின் வாயில் அடைத்திருந்த துணியை அவள் எடுத்துவிட்டாள்.

எண்ணெய் வாசம் வந்தது.

சாய்த்தால் போதும்.

எதிரே புதிய மண்மேடு. உள்ளே யாரும் இல்லை. அவள் கணவன் தெரோன் போன கப்பல் மூழ்கிவிட்டதாகச் செய்திதான் வந்தது, உடல் வரவில்லை. ஏதென்ஸ் நகர மதிலுக்கு வெளியே வெறும் மண்ணைக் குவித்து, அதன் தலைமாட்டில் ஒரு கல்லை நட்டிருந்தார்கள்.

சுட்ட மண் குப்பி, ஒரு சாண் உயரம். பால் வெள்ளை. அதில் மெல்லிய கோடுகளால் ஒரு படகு, ஒரு படகோட்டி, ஏறுவதற்குக் காத்து நிற்கும் ஓர் ஆண்.

இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் படகு அது.

"ஊத்துங்க அண்ணி," என்றான் பானியாஸ். தெரோனின் தம்பி.

மேட்டில் எண்ணெய் விழுந்துவிட்டால் செத்தவன் செத்தவன்தான். பிறகு அவனே உயிரோடு வந்து நின்றாலும் கோயிலுக்குள் போக முடியாது. சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியாது. ஊர் வழக்கம் அப்படி.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவர் இல்ல."

"என்ன அண்ணி?"

"மூக்கப் பாரு. உங்க அண்ணனுக்கு மூக்கு இப்படியா இருக்கும்?"

தெரோனின் மூக்கு இளம்வயதில் மல்யுத்தக் களத்தில் உடைந்தது. ஓவியன் நேரான மூக்கை வரைந்திருந்தான். எல்லாக் குப்பியிலும் எல்லா ஆணுக்கும் போடுகிற மூக்கு.

"படத்துக்காகவா அண்ணி..." பானியாஸுக்குக் குரல் தழுதழுத்தது. குளிர்காலம் முழுக்கத் துறைமுகத்துக்கு நடந்து, வந்த கப்பலில் எல்லாம் விசாரித்து ஓய்ந்தவன் அவன். "முடிச்சிருவோம். என்னால முடியல."

"யாரோ ஒருத்தருக்கு நான் ஊத்த மாட்டேன்."

துணியை மறுபடி அடைத்தாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, மூக்கு சரியாக இருந்திருந்தால் காதைக் குறை சொல்லியிருப்பாள் என்று.

குயவர் தெரு பக்கத்திலேயே இருந்தது. ஓவியன் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சுட்டத மாத்த முடியாதும்மா. வேற குப்பியில வரைஞ்சு தர்றேன். அடுத்த சூளை வரைக்கும் பொறுக்கணும்."

"பொறுக்கிறேன்," என்றாள். கொஞ்சம் அவசரமாகவே.



அடுத்த சூளைக்கு நெருப்பு வைப்பதற்குள், ஒரு முற்பகலில், தெருவில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள் பார்லி அரைத்துக்கொண்டிருந்தாள்.

பானியாஸ். காலில் செருப்பில்லை. மேலாடை தோளிலிருந்து நழுவித் தரையில் இழுபட்டது.

"அண்ணி, ஊத்தலையே? எனக்குத் தெரியாம போய் நீங்க ஊத்திடலையே?"

"இல்லையே. ஏன்?"

அவன் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நடுவே சிரித்தான்.

அவள் வாசலுக்கு வந்தாள்.

தெருமுனையிலிருந்து ஒருவன் கோலூன்றி வந்துகொண்டிருந்தான். மெலிந்து, கறுத்து, யாரோ ஒரு மீனவனின் பழைய ஆடையில்.

வாசல்வரை வந்தான். நின்றுவிட்டான்.

படியைத் தொடவில்லை.

ஊர் வழக்கம் அவனுக்கும் தெரியும். துறைமுகத்தில் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். தம்பிக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் முன்னால் ஓடிவந்திருந்தான்.

இப்போது தெரோன் அதையே அவளிடம் கேட்டான். தரையைப் பார்த்தபடி.

"எனக்கு எல்லாம் பண்ணி முடிச்சிட்டீங்களா?"

அவள் கைகள் முழுக்க மாவு. அவன் வந்தால் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

உள்ளே போனாள்.

அவன் கோலை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

ஒரு பானைத் தண்ணீரோடு திரும்பி வந்தாள். படியின் மேல் வைத்தாள்.

"காலக் கழுவிட்டு உள்ள வாங்க," என்றாள். "எவ்வளவு சேறு."