வீரம்மா கேட்ட அணு உலை

வீரம்மாவை யார் விலைக்கு வாங்கியிருப்பார்கள் என்பதுதான் அன்று காலை ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பேச்சு.

பின்னே? சின்னதாக ஓர் அணு உலை வைத்து மின்சாரம் எடுக்கப் போகிறோம், இடம் பார்க்கிறோம் என்று ஈப்போவிலிருந்து இஞ்சினியர் உடையப்பன் நேற்று சாயங்காலம் வந்திருந்தார். தோட்டமே கூடியிருந்தது. அத்தனை பேர் முன்னால் வீரம்மா எழுந்து, "எங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னாலயே வைங்கய்யா" என்று சொல்லிவிட்டாள்.

தொழிற்சங்கச் செயலாளர் கார்த்திகேசுவுக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. இஞ்சினியர் வரப்போகிறார் என்று தெரிந்ததுமே உலை வேண்டாம் என்று மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கைநாட்டு வாங்கியவன் அவன். வீரம்மா ஒருத்திதான் பாக்கி.

பெரட்டு முடிந்ததும் அவளை மறித்தான். கூட்டம் சுற்றிக்கொண்டது.

"ஏன்க்கா, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? வெடிச்சா என்ன பண்ணுவ?"

"வெடிக்காதுன்னாரே தம்பி. பஸ் அளவுதானாம். சூடு ஏறினா தானா அணைஞ்சிடுமாம்."

"நம்ம தோட்டத்துக் கரண்டு இஞ்சினும் தானாத்தான் அணையுது லா. ரிப்பேர் பண்ண கோலா கங்சார்லேருந்து ஆள் வர மூணு நாளாவுது. இதுக்கு ஆள் கடல் தாண்டி வரணும்."

"அதுவும் சரிதான்."

"எரிஞ்சு மிஞ்சுன கழிவை எங்க போடுவீங்கன்னு கேட்டேன். அந்த ஆளு மூக்குக் கண்ணாடியைத் தொடச்சாரே தவிர வாயத் தொறக்கல."

"நானும் பார்த்தேன்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? கார்த்திகேசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆபத்துன்னு உனக்கே தெரியுது. அப்புறம் எதுக்குக் கேட்ட? என்ன குடுத்தாங்க உனக்கு?"

வீரம்மா பால் வாளியைக் கீழே வைத்தாள்.

"தோட்டத்தை வாங்கின புது மொதலாளி தவுக்கே நமக்கெல்லாம் சூராட் கடுதாசி அனுப்பினாரே, என்ன எழுதியிருந்துச்சு?"

"ஆறு மாசத்துல லயத்தைக் காலி பண்ணணும்னு."

"போறதுக்கு எடம்?"

வீடு கேட்டுக் கார்த்திகேசு எழுதாத ஆபீஸ் இல்லை. பதில்தான் வந்தபாடில்லை. அந்த வெட்கம் அவனை இரண்டு மாதமாக அரித்துக்கொண்டிருந்தது.

"மூணு தலைமுறையா பால் வெட்டினோம். ஒரு வீடு குடுக்கணும்னு யாருக்கும் தோணல," என்றாள் வீரம்மா. "நேத்து அவரு படம் விரிச்சாரே, அதுல செவப்பா ஒரு வட்டம். அது என்னான்னு தனியாப் போய்க் கேட்டேன். உலையைச் சுத்தி அரை மைலுக்கு ஆள் குடியிருக்கக் கூடாதாம். உள்ள இருக்கிறவங்களுக்கு மொதல்ல வேற எடத்துல கல்வீடு கட்டி, பட்டாவோட குடுத்துட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பாங்களாம்."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"பயமே இல்லாத சாமானுக்கு எதுக்குக்கா அரை மைல்?" செயலாளர் புத்தி அவனை விடவில்லை.

"அதைக் கேட்டா வட்டத்தை அழிச்சிடப் போறாரு. சும்மா இரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மிஷின் பத்து வருஷம் கழிச்சு வருமோ, வராமலே போவுமோ. வீடு மொதல்ல வந்துரும். நம்ம பின்னால வச்சாத்தான் நாலு லயமும் வட்டத்துக்குள்ள வரும். அதான் கேட்டேன்."

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். போகிற போக்கில் இரண்டு பேர், தங்கள் கைநாட்டை மனுவிலிருந்து அடித்துவிட முடியுமா என்று விசாரித்தார்கள்.

கார்த்திகேசு மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்த வீரம்மாவின் பின்னாலேயே போனான். யாரும் கேட்கவில்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு மெல்லச் சொன்னான்:

"அக்கா, என் வீடு ஆத்துக்கு அந்தாண்ட லா, வட்டத்துக்குக் கொஞ்சம் வெளிய நிக்குது. இஞ்சினியர்கிட்டச் சொல்லி, அந்த உலையை என் வீட்டுப் பக்கமா ஒரு நாலு சங்கிலி தூரம் நகட்டி வைக்கச் சொல்லேன்."