புதுக் கயிறு

அங்கே இருந்தவர்கள் நாலு பேர்.

மரத்தின் மேல் செம்மலை. அடியில் அவர், அந்த வீட்டுக்காரர். பக்கத்தில் அவருடைய மகன் சிவப்பிரகாசம். நாலாவது ஆள் கோட்டூர் நாச்சிமுத்து, அவருக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர். அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

வேறு யாரும் பார்க்கவில்லை.

மகளின் நிச்சயதார்த்தப் பந்தலுக்கு மாமரத்தின் கீழ்க்கிளை இடைஞ்சல். வெட்ட வேண்டும். செம்மலை முப்பது வருடமாக அந்த வீட்டு மரங்களில் ஏறுகிறவன். இடுப்பில் ஒரு துண்டு, துண்டில் ஓர் அரிவாள். அதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

அவர்தான் அதோடு விடவில்லை.

மூன்று தலைமுறையில் அவர் வீட்டு மரத்திலிருந்து ஒருவரும் விழுந்ததில்லை. விசேஷ நேரத்தில் அப்படி ஒரு பேச்சு வரக்கூடாது. கோயமுத்தூருக்குப் போய்த் தன் கையாலேயே தூக்கிப் பார்த்து வாங்கி வந்தார். இடுப்புக்கும் தொடைக்கும் பட்டைகள். இரும்புக் கொக்கிகள். மஞ்சள் தலைக்கவசம். கைரம்பம். ஆரஞ்சு நிறத்தில் விரல் தடிமனுக்கு ஒரு கயிறு.

பட்டைகளை மாட்டிக்கொண்டு செம்மலை தன்னைத் தானே குனிந்து பார்த்தான்.

"குதிரைக்குச் சேணம் கட்டுனாப்பல இருக்குதுங்க ஐயா."

அவர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

கயிற்றை மேல் கவட்டையில் போட்டு, ஒரு முனை செம்மலையின் பட்டையில், மறு முனை தரையில். தரையில் நிற்பவர் பக்கத்துத் தென்னையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கடைக்காரர் அவரிடமே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"தென்னைல சுத்தீருங்கப்பா," என்றான் மகன்.

"காளைய அடக்கிப் புடிச்ச கைடா இது. தள்ளி நில்லு."

வெட்டுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம். செம்மலை மூன்றாள் உயரத்துக்கு ஏறினான். கிளையிலிருந்து ஒரு கையை எடுத்தான். மறு கையையும் எடுத்தான். பட்டையில் உட்கார்ந்து மெல்ல ஆடினான்.

"தூளியாட்டம் இருக்குதுங்க. தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி."

கவட்டை பாதிப் பாரத்தைத் தாங்கியது. அவர் கைக்குக் கனமே தெரியவில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

கேட் கிரீச்சிட்டது.

நாச்சிமுத்து இரண்டு கைகளையும் கூப்பியபடி வந்தார்.

இந்த வீட்டில் யாரும் ஒற்றைக் கையால் வணக்கம் வைப்பதில்லை. கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டுத்தான் கும்பிடுவார்கள். அவர் அப்பா அப்படி. அவரும் அப்படி. பெண் கொடுக்கும் இடத்தில் கேட்கவே வேண்டாம்.

அவர் கும்பிட்டார்.

இரண்டு கைகளாலும்.

சிவப்பிரகாசம் பாய்ந்து, ஓடுகிற கயிற்றைப் பற்றினான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. அதனால் வேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். செம்மலையின் வலது முழங்கால் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் விழுந்தது.

கூப்பிய கைகளைப் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். என்ன, என்ன என்று கேட்டார்கள். செம்மலை பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"கயிறு அத்துப்போச்சுங்க."

முழுக் கயிறும் அவன் மார்பின் மேல் கிடந்தது.

மகன் மறுக்கவில்லை. நாச்சிமுத்து மறுக்கவில்லை. அவரும்.

செம்மலை நடப்பார், இனி மரம் ஏற மாட்டார் என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்து நிச்சயதார்த்தம். கிளை வெட்டப்படவில்லை. பந்தலை மரத்தைவிட்டு விலக்கிப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் அவரைக் கும்பிட்டார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார்.

"பொண்ணப் பெத்தவருக்கு இத்தன முறுக்கு ஆகாதுங்க," என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே.

மகனின் இரண்டு கைகளிலும் கட்டு. தாம்பூலத் தட்டை அவனால் வாங்க முடியவில்லை. அவர் வாங்கினார். அவர் உள்ளங்கைகளில் ஒரு கீறல் இல்லை. தட்டுக்கு அடியில் அவற்றை மறைத்துக்கொள்ள முடிந்ததில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியே அவரைச் சுட்டது.

நாச்சிமுத்துவின் மைத்துனர் இலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்.

"புதுக் கயிறாமுங்க. பாரம் ஏறுனதும் அத்துப்போச்சாம். அந்தக் கடைக்காரன சும்மா உடக்கூடாது. நாலு பேரு போயி மானத்த வாங்கோணும்."

ஆமாம், ஆமாம் என்றார்கள்.

நாச்சிமுத்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளிய காம்பையே மறுபடி கிள்ளினார்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். ஆரஞ்சுக் கயிற்றோடு திரும்பி வந்தார்.

ஜமக்காளத்தின் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அதை விரித்தார். மடக்கி மறுபடியும் விரித்தார். வந்தவர்கள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள். நடுவில் ஒரு முடிச்சு இல்லை. ஒரு பிசிறு இல்லை. ஓரிடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கறை. அது மகனுடையது.

"அப்பா," என்றான் சிவப்பிரகாசம், மெதுவாக.

அவர் நிமிர்ந்து நின்றார்.

"கயிறு அத்துப்போகலீங்க. நான் கும்பிட்டேன்."