சோதனை வளையல்

"மாசா மாசம் எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்ற வலிதானே?" என்று கல்யாணமான புதிதில் செழியன் கேட்டதையும், தான் "ஆமாங்க" என்று தலையாட்டியதையும் சுகந்தி மறக்கவில்லை.

பத்தாவது கல்யாண நாளுக்கு மாமியார் அவள் கையில் மாட்டிவிட்ட, உடம்பைச் சோதிக்கும் சோதனை வளையல், அவள் ரத்தத்தில் புற்றுநோயைக் காட்டும் அளவு ஏறிவிட்டதாக இன்று காலை சொந்தபந்தம் அனைவரின் கைபேசிக்கும் செய்தி அனுப்பியது. மதியத்துக்குள் வீடெங்கும் பார்க்க வந்தவர்களின் சாத்துக்குடி. மாமியார் அழுதுகொண்டே சோறு ஊட்டினார். செழியன் முதன்முறையாகப் பாத்திரம் தேய்த்தான்.

மாலையில் டாக்டர் திரையில் வந்தார். "கேன்சர் இல்ல. கர்ப்பப்பையோட உள்சவ்வு அதுக்கு வெளியேயும் வளர்ந்திருக்கு. மாதவிலக்குல இந்த அளவு ஏறும். வலிதான் உயிர் போற மாதிரி இருக்கும்."

"ஒண்ணுமில்லையாம்" என்று எல்லோரும் கிளம்பினார்கள்.

"அப்பாடா. காபி போடேன்" என்றான் செழியன்.

சுகந்தி எழுந்திருக்கவில்லை. "வலிக்குதுங்க. இன்னிக்கு நீங்க போட்டுக் குடுங்க."