முப்பத்திநான்கு சென்டிமீட்டர்

காலை வெயில் ரப்பர் பாயில் விழுகிறது. குதிக்கும் உயரத்தை அளக்கும் பாய் அது. நாளை ரக்பி இறுதிப்போட்டி. அணித்தலைவன் மூன்றாம் முறையும் குதிக்கிறான். திரையில் மறுபடி முப்பத்திநான்கு. வழக்கமாக நாற்பதைத் தாண்டுகிறவன். வீரர்களின் களைப்பை அளந்து பயிற்சியாளருக்கு எழுதித்தருபவள் அவள்; இன்று எழுதக் கை ஓடவில்லை. இதை எழுதினால் நாளை அவனுக்கு ஆட்டமில்லை. "பாய்தான் பழுதோ என்னவோ," என்கிறாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "பாய் மேல ஏன்க்கா பழி? கால்தான் சொன்ன பேச்சு கேக்கல. எழுதுங்க." குனிந்து முழங்கால் பட்டையைச் சர்ரென்று உரிக்கிறான். பிறகு, சுவரோரம் தலைகுனிந்து நிற்கும் மாற்று ஆட்டக்காரனின் கழுத்தில் கைபோட்டு இழுக்கிறான். "எழவு வீட்டுல நிக்கிற மாதிரி ஏன்டா நிக்கிற? வா மாப்ள, நாளைக்கு எதிர் டீம்காரனுங்க உன்னை எப்படித் தள்ளுவானுங்கன்னு காட்டுறேன்." ரக்பியில் இரு அணிகளும் முட்டித் தள்ளுவதுபோல் இருவரும் குனிந்து தோளோடு தோள் முட்டுகிறார்கள். சொன்ன பேச்சு கேட்காத கால்களை ஊன்றி, தலைவன் எதிரணியாக நிற்கிறான்.