ஒரே பழுப்பு

தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் சிவசாமி மகளையும் இழுத்துக்கொண்டு ஹட்டன் போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோதே முதலாளி பரமலிங்கம் எழுந்து நின்றார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் போட்டோ வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"புத்தம்புது உடுப்புங்க இது! இங்க பாருங்க, படத்துல பழுப்பா வந்திருக்கு. நாளைக்கு எல்லாப் பிள்ளைங்க படத்தையும் ஒரே பிரேமுல பள்ளிக்கூடத்துல மாட்டப்போறாங்க."

பரமலிங்கம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"பூரணி, எல்லாப் படத்திலயும் உடுப்பைத் தானா வெள்ளையாக்கிற கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னனான் எல்லோ? என்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பூரணி எழுந்து ஒதுங்கினாள்.

அவர் பொறுக்காமல் தானே ஸ்கிரிப்டை ஓடவிட்டார். கிளாக்கர் மகள் தனுஷிகாவின் படம் திறந்தது. அதன் மேல் தானாக ஒரு பழுப்பு லேயர் மெல்லிய படலம் போல வந்து விழுந்தது. பளீரென்றிருந்த உடுப்பு எல்லார் கண் முன்னாலும் மங்கிப்போனது. அடுத்த படம், அதற்கடுத்த படம்... எல்லா உடுப்பும் ஒரே பழுப்பு.

"இது தவறி நடந்ததில்லை. வேணுமெண்டே எழுதியிருக்கிறாய்!"

"மொதல்ல வெள்ளையாக்கித்தாங்க பாத்தேன், முதலாளி. மழை நாள்ல லயத்துல இருக்கிற தொழிலாளர் பிள்ளைங்க உடுப்பு அடுப்புக்கு மேலதானே காயுது. அந்தப் புகைக் கறைய வெள்ளையாக்குனா கொலரு, பொத்தான் எல்லாமே அழிஞ்சு போகுதுங்க."

"அதுக்கு எம் மக உடுப்பை ஏன் அழுக்காக்குன?" சிவசாமி மேசையில் குத்தினார்.

பூரணி தனுஷிகாவை ஒருமுறை பார்த்தாள்.

பரமலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூரணி மாதிரி வேலை தெரிந்தவள் கிடைக்க மாட்டாள்தான். ஆனால் கிளாக்கரைப் பகைத்தால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

"நாளையிலிருந்து வேலைக்கு வராதை, பிள்ளை."

பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். தனுஷிகா அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்காவை அனுப்பாதீங்க! படம் எடுத்த அன்னிக்கு நான்தான் அப்படிப் பண்ணச் சொன்னேன்."

"நீயா? ஏன்டி?"

"லயத்துப் பிள்ளைங்களோட இருந்தா உடுப்பு அழுக்காயிரும், எம் மகளைத் தனியா உக்கார வைங்கன்னு டீச்சர்கிட்ட சொன்னீங்கள்லப்பா? அதுலேருந்து யாருமே எங்கூடப் பேசுறதில்ல. போட்டோவுலயாவது நானும் அவங்கள மாதிரியே இருக்கேனே!"